துக்க வீட்டுக்குப் போகப் பழகியவர்

ஸ்வீடனில் வேர்னமோ ஊர்க் கல்லறைத் தோட்டத்தில் குழி வெட்டுபவர் சிக்ஸ்டன் லுண்ட். லுத்தரன் சபைக்காரர். அந்தத் தோட்டத்தில் முஸ்லிம்களுக்கும் ஒரு பகுதி உண்டு. அதையும் சபைதான் பராமரிக்கிறது. மர ஆலையில் வேலை பார்க்கும் பொஸ்னியாக்காரர் ரிஃபெத், அங்கே ஓர் அடக்கத்தின்போதுதான் அவருக்குப் பழக்கமானார். பிறகு குளிர்காலச் சனிக்கிழமைகளில் இருவரும் உறைந்த ஏரியில் துளை போட்டு மீன் பிடித்தார்கள்.

"உங்க இயேசு தண்ணிமேல நடந்தாராமே," என்பார் ரிஃபெத். "இந்த ஊர்ல நடந்திருந்தா யாரு கண்டுக்கப் போறா?"

"உங்களுக்கும் அவர் நபிதானேடா. வாயை மூடிக்கிட்டுத் தூண்டிலைப் பாரு."

ஒரு பிப்ரவரியில் ரிஃபெத்தின் அம்மா இறந்தார். ஸ்வீடன்காரர்கள் அடக்கத்துக்கு மூன்று நான்கு வாரம் எடுத்துக்கொள்வார்கள். ரிஃபெத்துக்கு மறுநாளே வேண்டும். மண்ணோ குளிரில் உறைந்து பாறையாய் இறுகிக் கிடந்தது. சிக்ஸ்டன் சூட்டுப்பெட்டி வைத்து மண்ணை இளக்கி, மறுநாள் மதியத்துக்குள் குழியைத் தயார் செய்துவிட்டார்.

அதோடு சரி. வீட்டுக்குள் வரவில்லை. வாசற்படியில் ஒரு பூங்கொத்தை வைத்துவிட்டு, மணி அடிக்காமல் போய்விட்டார். உள்ளே வீடு கொள்ளாத கூட்டம்.

"உன் ஸ்வீடன் தோஸ்து எங்கப்பா?" என்று மாமா ஒருவர் கேட்டார். "வாசல் வரைக்கும் வந்தவனுக்கு உள்ள வர மனசில்ல போல."

அந்தப் பேச்சு ரிஃபெத்தைத் தைத்தது. ஏரிக்குப் போவதை நிறுத்தினார். சிக்ஸ்டனும் தேடி வரவில்லை.

அக்டோபரில் சிக்ஸ்டனின் மனைவி மைகென் இறந்தார். அடக்கம் மூன்று வாரம் கழித்து.

"போகலையா?" என்றாள் ரிஃபெத்தின் மனைவி ஃபதீலா.

"அவன் வந்தானா?"

"கணக்குப் பார்த்தா துக்கத்துக்குப் போவாங்க? கீரை வெச்சுச் சுருட்டி பிட்டா சுட்டு வெச்சிருக்கேன். எடுத்துட்டுக் கிளம்புங்க."

மணிச் சத்தம் கேட்டு சிக்ஸ்டன் பதறிக் கதவைத் திறந்தார். "என்ன ஆச்சு?"

"உன் பொண்டாட்டி செத்திருக்கா. இன்னும் என்னப்பா ஆகணும்?"

உள்ளே ஒருவரும் இல்லை. மேசை நிறையப் பூங்கொத்துகள்.

"எல்லாரும் எங்க?"

"யாரு வருவா? துக்க வீட்டுல போய் மணி அடிக்கலாமா? தனியா விடறதுதானே மரியாதை."

ரிஃபெத் மெல்ல உட்கார்ந்தார். "அம்மா செத்தப்பவும் அதனாலதான் வரலையா?"

"வாசல்ல நின்னேன். உள்ள பேச்சுச் சத்தம் கேட்டுது. நான் வேற எதுக்கு இடைஞ்சல்னு திரும்பிட்டேன்."

"மடையா. எங்க வீட்ல வராதவன்தான் இடைஞ்சல். இத்தனை மாசமா உன்னைத் திட்டிக்கிட்டிருந்தேன்."

"நான் உன் துக்கம் ஆறட்டும்னு காத்துக்கிட்டிருந்தேன்."

ரிஃபெத் பூங்கொத்துகளை ஒதுக்கிவிட்டுப் பிட்டாவை மேசையில் வைத்தார். பிறகு கேட்டார்: "அவளுக்காக எங்க முறைல ஒரு துஆ ஓதட்டுமா?"

"ஓது. சர்ச் கோயர்ல பாடினவ அவ. சுருதி தப்பினா திட்டுவா."

அடக்க நாள்வரை ரிஃபெத் தினமும் வந்தார். பேச்சே இல்லாத நாள்களும் இருந்தன.

இப்போது சிக்ஸ்டன் துக்க வீடுகளுக்குப் போகிறார். முஸ்லிம் வீடுகளில் சிரமமில்லை. நகர்ந்து இடம் விட்டு, கையில் காபியைக் கொடுத்துவிடுகிறார்கள். சொந்தச் சபைக்காரர்களிடம்தான் பாடு. போன வாரம் மனைவியை இழந்த ஒரு முதியவர், கதவைச் சங்கிலி அளவுக்குத் திறந்து, "யாரு அனுப்பினா?" என்றார்.

"யாரும் அனுப்பல. கொஞ்ச நேரம் உக்காந்துட்டுப் போகலாம்னு வந்தேன்."

முதியவர் யோசித்தார். பிறகு சங்கிலியைக் கழற்றினார்.