சந்திரம்மாள் கப்பலில் போய் வந்தாள்

ஒரகடத்தில் மெஸ் நடத்தும் சந்திரம்மாளுக்குக் கப்பல் யோகம் அடித்தது அண்ணன் கோதண்டத்தால். சுற்றுவட்டாரத்து வயலெல்லாம் கம்பெனியாகி, பார்க்கிற பக்கமெல்லாம் காம்பவுண்டுச் சுவர் எழும்பிக்கொண்டிருந்த காலம் அது. கோதண்டம் வைத்திருந்ததோ சிமெண்டுக் கடை. விற்பனை எகிறியதில் மனம் குளிர்ந்துபோன சிமெண்டுக் கம்பெனிக்காரர்கள், அவரை ஜோடியாகச் சிங்கப்பூர் கூட்டிப்போய்ச் சொகுசுக் கப்பலில் ஏற்றுவதாகச் சொன்னார்கள். அவர் மனைவி ரத்னா, "தண்ணி மேல என்னால படுக்க முடியாது" என்று ஒரே போடாகப் போட்டுவிட்டாள். டிக்கெட் தங்கைக்கு வந்தது.

"நான் போய்ட்டா இந்தப் பசங்க இன்னா துன்னுவாங்க?" என்றுதான் சந்திரம்மாள் முதலில் கேட்டாள். பசங்க என்றால், தெற்கே திருநெல்வேலி, தூத்துக்குடிப் பக்கமிருந்து வந்து, அறை எடுத்துத் தங்கி, ஷிப்டு மாற்றி ஷிப்டு வேலை பார்க்கும் பையன்கள். அவர்களுக்கு ஆக்கிப் போட ஆரம்பித்ததிலிருந்து அவள் பகலில் கண்ணை மூடியது கிடையாது. கணவர் ராஜாமணிக்குச் சமையலில் தெரிந்ததெல்லாம் வெங்காயம் உரிப்பது ஒன்றுதான். "நான் பாத்துக்கறேன், நீ போய்ட்டு வா" என்று அவர் மார்தட்டியபோதுதான் அவளுக்குக் கவலை கூடியது.

கப்பலில் முதல் நாள் அவள் பட்ட பாடு கொஞ்சமல்ல. சாப்பிட்டு முடித்ததும் கை தன்னால் தட்டுகளை அடுக்கத் தொடங்கிவிட்டது. பக்கத்து மேசைத் தட்டுக்கும் கை நீண்டபோது, கழுத்துப்பட்டை கட்டிய பரிமாறுபவன் ஓடிவந்து சிரித்தபடி பிடுங்கிக்கொண்டான்.

"ஏம்மா, நாம இங்க கெஸ்ட்டு. மெஸ் வெச்சிகினு கீறத கப்பல் பூரா காட்டணுமா?" என்று கோதண்டம் பல்லைக் கடித்தார்.

மறுநாள் அவர் வாங்கிக்கொடுத்த கறுப்புக் கண்ணாடியை மாட்டிக்கொண்டு, மேல்தளத்துச் சாய்வு நாற்காலியில் சும்மா ஒரு நிமிஷம் படுத்துப் பார்த்தாள். கண் விழித்தபோது பொழுது சாய்ந்திருந்தது. அதற்கப்புறம் கப்பலில் எது எங்கே இருக்கிறதென்று கோதண்டம் சுற்றிப் பார்த்தார், சந்திரம்மாள் தூங்கினாள்.

ஊர் திரும்பும்போது முகம் மினுமினுத்தது, உடம்பு இறகு மாதிரி இருந்தது. ஆனால் விமான நிலையத்திலிருந்து கார் கிளம்பியதுமே பழைய கவலை பிடித்துக்கொண்டது. பையன்கள் காய்ந்து கருவாடாகிக் கிடப்பார்கள். தாம்பரத்தில் வண்டியை நிறுத்தச் சொல்லி, கடையிலிருந்த ரொட்டிப் பாக்கெட்டையெல்லாம் வாரிக்கொண்டாள். ராஜாமணியைத் திட்டக்கூடாது என்று வழியெல்லாம் மனசுக்குள் சொல்லிக்கொண்டே வந்தாள்.

மெஸ் வாசலில் மீன்குழம்பு வாசனை ஆளைத் தூக்கியது. உள்ளே பெஞ்சு கொள்ளாமல் பையன்கள். வாசலோரம் உட்கார்ந்திருந்த தூத்துக்குடிப் பையன் உச்சிமாகாளி, நிமிர்ந்து கறுப்புக் கண்ணாடியைப் பார்த்தான்.

"இடமில்லம்மா, செத்த நில்லுங்க."

"டேய், நான்தான்டா!"

வாய்க்குப் போன கவளம் பாதியில் நின்றது. "யக்கா! ஆளே அடையாளம் தெரியலயே. பத்து வயசு கொறஞ்ச மாதிரில்லா இருக்கீய!" சந்திரம்மாளுக்கு உச்சி குளிர்ந்தது. அந்தப் பாவி அதோடு நிறுத்தியிருக்கலாம். "அதுக்குள்ளயா வந்துட்டீய?" என்றான்.

தலையில் துண்டு கட்டிய ராஜாமணி, கையில் கரண்டியோடு வந்தார். "வந்துட்டியா சந்திரா? குந்து, சூடா கீது." உச்சிமாகாளி பக்கத்தில் நின்று அவன் ஊர்ப் பக்குவத்தைச் சொல்லிக்கொடுக்க, மனுஷர் குழம்பு வைக்கக் கற்றுக்கொண்டிருந்தார். அவள் ஒரு வாய் வைத்தாள். எல்லோரும் அவள் முகத்தையே பார்த்தார்கள்.

"உப்பு கம்மி" என்றாள். உப்பு சரியாகத்தான் இருந்தது. இரண்டாவது தடவையும் சோறு போட்டுக்கொண்டாள்.

கை கழுவப் போனவள் பின்கட்டிலேயே உட்கார்ந்துவிட்டாள். ராஜாமணி தேடி வந்தார்.

"இன்னா, மூஞ்சி ஒரு மாதிரி கீது?"

"நான் இல்லாமயே எல்லாம் நல்லாத்தான் நடக்குது."

"நல்லாவா?" ராஜாமணி வீங்கிய கால்களை நீட்டினார். கைகளைத் திருப்பிச் சூட்டுத் தழும்புகளைக் காட்டினார். "கனவுல கூட அரிசி களைஞ்சிகினு கீறேன், தாயே. காலைல நீயே கரண்டியப் புடி. ஒன்ன கும்பிட்டுக்கறேன்."

அவர் கும்பிட்ட அழகைப் பார்த்து அவளுக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது.

"புடிக்கிறேன். ஆனா ஞாயித்துக்கெழம ஒன்னுது."

"எந்த ஞாயித்துக்கெழம?"

"வர்ற எல்லாம்."

ராஜாமணி ஏதோ சொல்ல வாயைத் திறந்தார். சந்திரம்மாள் கண்ணாடியை எடுத்து மாட்டிக்கொண்டாள். அவர் இன்னொரு கும்பிடு போட்டார்.

ரொட்டியை வீணாக்க மனமில்லாமல் அது தீரும்வரை காலையில் ரொட்டி உப்புமாதான் போட்டாள். கப்பலில் இப்படித்தான் என்று சொன்னதால் பையன்கள் பொறுத்துக்கொண்டார்கள்.

முதல் ஞாயிற்றுக்கிழமை வேப்பமரத்தடியில் பிளாஸ்டிக் நாற்காலியைப் போட்டுச் சாய்ந்தாள். உடனே எழுந்து போய், அடுப்படியில் புளி கரைத்தாயிற்றா என்று எட்டிப் பார்த்தாள். திரும்பி வந்து உட்கார்ந்தாள். மறுபடி போனாள். ராஜாமணி, "போம்மா அந்தாண்ட" என்று கதவைச் சாத்தித் தாழ்ப்பாள் போட்டார். வேறு வழியில்லாமல் வந்து சாய்ந்தவள், குழம்பு கொதிக்கும் முன்பே குறட்டை விடத் தொடங்கினாள். சாப்பிட வந்த பையன்கள் செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு, சத்தம் காட்டாமல் அவளைச் சுற்றிக்கொண்டு உள்ளே போனார்கள்.