பாலாற்றுப் படுகையிலும் கடல் இருந்தது

முதுகலையில் நிலவியல் படித்தபோது காவிரிப் படுகையையும் பாலாற்றுப் படுகையையும் ஒப்பிட்டு ஆய்வேடு எழுதினேன். இந்தியா பழைய பெருநிலத்திலிருந்து பிய்ந்துவந்தபோது கிழக்குக் கரையோரம் தரை விரிசல் கண்டு இறங்கியது. இறங்கிய பள்ளங்களில் கடல் புகுந்தது. இரண்டு படுகைகளும் அப்படிப் பிறந்தவைதான். ஆனால் காவிரிப் பள்ளம் மேலும் மேலும் இறங்கியது, கடலும் திரும்பத் திரும்ப வந்தது. எங்கள் பாலாற்றுப் பள்ளம் சீக்கிரமே அடங்கிவிட, கடலும் கிளம்பிவிட்டது. இதுதான் என் வாதம்.

காவிரிப் படுகையைச் சேர்ந்த அரியலூரில் கல்லாகிப்போன கிளிஞ்சல்களை மூட்டையாகக் கட்டினேன். எங்கள் பக்கத்தில் இரண்டு மாதம் அலைந்து ஒன்றே ஒன்றுதான் கிடைத்தது, மாகறல் அருகே ஆழப்படுத்திய ஒரு கிணற்றின் கல்லில். வழிகாட்டிப் பேராசிரியர் அதைப் புரட்டிப் பார்த்தார். "இது அரியலூர் மூட்டையிலேர்ந்து கலந்திருக்கும்மா. பாலாற்றுப் பாதியை எடுத்துடு."

பாதியை எடுத்துவிட்டால் ஒப்பீடு ஏது? கோபத்தில் அன்று எனக்குச் சோறே இறங்கவில்லை. மறுநாள் போய், "நீங்களே வந்து உடைச்சுப் பாருங்க சார்" என்றேன். ஞாயிற்றுக்கிழமை உத்திரமேரூர் பஸ்ஸில் முகத்தை உம்மென்று வைத்துக்கொண்டு வந்தார்.

கிணற்று ஆட்கள் களிமண்ணை வயலுக்கு, சரளையை வண்டிப்பாதைக்கு என்று பிரித்துக் குவித்திருந்தார்கள். கிணற்றின் அடியில் வெட்டிய சாம்பல் நிறக் கல் எதற்கும் உதவாமல் தனியாகக் கிடந்தது. சுத்தியலை அவரிடம் கொடுத்துவிட்டுக் கையைக் கட்டிக்கொண்டு நின்றேன்.

கூடை சுமந்த பெண் நின்று கேட்டாள். "இன்னா சார் தேடிக்கினு கீறீங்க?"

"இங்க கடல் இருந்துச்சான்னு பாக்குறோம்" என்றேன் நான்.

"குடிக்கிற தண்ணிக்கே இங்க பேஜாரா கீது" என்று சிரித்துக்கொண்டே போனாள்.

ஒரு மணி நேரம் வெறுங்கல்தான். அப்புறம் ஒரு பலகைக்கல் இரண்டாகப் பிளந்தது. உள்ளே நகக்கண் அளவில், வரிவரியாக, ஒரு கிளிஞ்சல். அவர் லென்ஸை வைத்துப் பார்த்தார், துடைத்துவிட்டு மறுபடியும் பார்த்தார். உள்ளுக்குள் குதித்துக்கொண்டிருந்தேன்.

கல்குவியல் மேலேயே உட்கார்ந்து என் கைப்பிரதியை வாங்கினார். 'பாலாற்று அத்தியாயங்கள் இருக்கட்டும்' என்று எழுதி நீட்டினார்.

"கையெழுத்துப் போடுங்க சார்" என்றேன்.

போட்டார்.