இறங்கி ஓட முடியாதவர்

ராஜபாளையத்தில் பழைய மரக்கடை வைத்திருக்கிறேன். இடிக்கிற வீடுகளிலிருந்து உத்திரம், நிலை, கதவு எல்லாம் வாங்கி, அறுத்து விற்பது தொழில். வீடு ஸ்ரீவில்லிபுத்தூரில், மடவார் வளாகத்தில். காலையில் வைத்தியநாதரைக் கும்பிட்டுவிட்டுத்தான் பைக்கை எடுப்பேன். நோய் தீர்க்கிற சாமி. கடவுள் என்றால் நம் கஷ்டத்தைத் தீர்க்கிறவர் என்பதற்கு மேல் நான் யோசித்ததில்லை.

சில வருடங்களுக்கு முன், பங்குனி வெயிலில், மில் வேன் ஓட்டும் நண்பர் ஒருவர் கடைக்கு வந்தார். என் வயதுக்காரர், கத்தோலிக்கர். தினமும் ஒரே டீக்கடையில் நின்று பழகியவர்கள் நாங்கள். பக்கவாதம் வந்து அவர் மனைவி அப்போது படுக்கையில் இருந்தார். குளிப்பாட்டுவது, ஊட்டுவது எல்லாம் இவர்தான்.

"அண்ணாச்சி, எங்க கோயிலுக்கு ஒரு சிலுவை வேணும். பழசைக் கரையான் அரிச்சிருச்சு. பெரிய வெள்ளிக்குத் தெருவுல தூக்கிட்டுப் போகணும்."

"தூக்குறதுக்குத்தானே? மலைவேம்புல செஞ்சிருவோம். பஞ்சு மாதிரி இருக்கும்."

"வேண்டாம். கனமா இருக்கட்டும். தோள் வலிக்கணும்."

சுமையைக் குறைக்கச் சொல்லித்தான் எல்லோரும் கேட்பார்கள். கூட்டச் சொல்லி ஒருவர் கேட்டது எனக்குப் புதிது. செட்டிநாட்டுப் பக்கம் வாங்கி வந்த, இரண்டு ஆள் தூக்குகிற கனத்தில் வேங்கை உத்திரம் ஒன்று கிடந்தது. அதைக் காட்டினேன். தட்டிப் பார்த்துவிட்டு, இதுவே போதும் என்றார்.

ஆசாரி அறுத்துக்கொண்டிருந்தபோது பக்கத்தில் உட்கார்ந்து கேட்டேன். "நான் தப்பாக் கேட்டா கோவிச்சுக்காதீக. சாமின்னா கையில ஆயுதம் இருக்கும். உங்க சாமி கையில ஆணி இருக்கு. அதை எப்படிக் கும்பிடுதீக?"

"எங்க பாவத்துக்காக அவரு செத்தாரு, அண்ணாச்சி."

"ஒருத்தன் செஞ்ச தப்புக்கு இன்னொருத்தருக்குத் தண்டனையா? கோர்ட்டுல ஒத்துக்குவாகளா?"

சிரித்தார். "கோர்ட்டுல ஒத்துக்க மாட்டாக. வீட்டுல ஒத்துக்குவாக. மகன் செஞ்ச தப்புக்கு அப்பன் போயி நாலு பேரு முன்னால தலைகுனிஞ்சு நிக்கான்லா?"

எனக்குக் கேள்வி வந்துகொண்டே இருந்தது. இரண்டு கட்டையும் கூடுகிற இடத்தை ஆசாரி உளியால் செதுக்குவதைப் பார்த்தபோது, "அன்னைக்கு உங்க சாமியை அறைஞ்ச சிலுவையைச் செஞ்ச ஆசாரி யாரு?" என்றேன். நண்பர் திகைத்துப்போனார். மறுநாள் டீக்கடையில் சொன்னார்: "எங்க கோயில் சாமியார்கிட்டயே கேட்டுட்டேன். தெரியலையாம். ஆனா ஆண்டவரே ஆசாரி வேலை பார்த்தவருதான்னு சொன்னாரு." அவருடைய தொழில்காரரே ஒருவர் அறுத்த கட்டையில்தான் அவரை அறைந்திருக்கிறார்கள் என்று நினைத்தபோது என்னவோ போலிருந்தது.

பெரிய வெள்ளியன்று கடையைப் பூட்டிவிட்டு வேடிக்கை பார்க்கப் போனேன். வெறுங்காலோடு ஆண்களும் பெண்களும் நடந்தார்கள். அங்கங்கே நின்று முழங்காலிட்டு, இயேசு சிலுவை சுமந்துபோய் மரித்ததின் ஒவ்வொரு கட்டத்தையும் சொல்லி ஜெபித்தார்கள். ஒவ்வொரு இடத்திலும் சிலுவை தோள் மாறியது. என் நண்பர் முறை வந்தபோது தார் ரோடு கொதித்துக்கொண்டிருந்தது. கொஞ்ச தூரம்தான் போயிருப்பார். கெண்டைக்கால் பிடித்துக்கொண்டு அப்படியே சரிந்தார். பக்கத்தில் நின்றவன் நான்தான்.

"அண்ணாச்சி, புடிங்க, புடிங்க!" என்று யாரோ கத்தினார்கள்.

செருப்பை உதறிவிட்டு உள்ளே நுழைந்து அடிக்கட்டையைத் தோளில் வாங்கினேன். நான் விற்ற மரம்தான். எவ்வளவோ உத்திரங்களைப் புரட்டியிருக்கிறேன். ஆனால் அவ்வளவு பேர் அழுதுகொண்டு பின்னால் வர, ஒரு மரத்தைச் சுமந்தது அதுதான் முதல் தடவை. அடுத்த நிறுத்தம்வரை நாங்கள் இருவரும் சேர்ந்தே கொண்டுபோனோம்.

"அன்னைக்கும் இப்படித்தான், வழியோட போன வெளியூர்க்காரர் ஒருத்தரைப் புடிச்சுச் சுமக்க வச்சாக" என்றார் நண்பர், நொண்டிக்கொண்டே. அந்தச் சம்பவத்துக்கான ஜெபம் முந்தின நிறுத்தம் ஒன்றிலேயே முடிந்திருந்தது.

அவரை வீட்டில் விடப் போனேன். அவர் மனைவி படுத்திருந்த கட்டிலுக்கு நேர் எதிரே, சுவரில் இயேசு தொங்கும் சிறிய சிலுவை. நடந்ததைக் கேட்டு அந்த அம்மா பாதி முகத்தால் சிரித்தார்.

"இம்புட்டு வேண்டியும் சொகமாக்கலையேன்னு உங்களுக்குக் கோவம் வராதா தங்கச்சி?" என்று கேட்டுவிட்டேன்.

வார்த்தைகள் குழறின. நண்பர் குனிந்து கேட்டு எனக்குத் திருப்பிச் சொன்னார்: "வருமாம். அவரை நல்லா வைவாளாம். அவரும் எறங்கி ஓட முடியாது, நானும் எந்திரிச்சு ஓட முடியாது, ரெண்டு பேரும் மூஞ்சிக்கு மூஞ்சி பாத்துக்கிட்டுக் கெடக்கோங்கா."

அந்த அம்மா மறுபடியும் ஏதோ முனகினார். "வலிக்குதுன்னு அவருகிட்ட விளக்கிச் சொல்ல வேண்டியதில்லையாம்" என்றார் நண்பர்.

"எங்க சாமியும் விஷத்தை முழுங்குனவருதான்" என்றேன், ஏதோ உறவு கண்டுபிடித்த சந்தோஷத்தில்.

நண்பர் யோசித்தார். "நல்லதுதான் அண்ணாச்சி. ஆனா அவரு சாகலையே. எங்களுக்கு அவரு செத்ததுதான் முக்கியம்."

அந்த வருடம் ஐப்பசி மழையில் அந்த அம்மா இறந்துபோனார். அடக்கம் முடிந்து திரும்பும்போது நண்பர் என்னோடு பைக்கில் வந்தார். இனிமேல் இந்த மனுசனுக்கு சாமி மேலே என்ன பிடிப்பு இருக்கும் என்று நினைத்துக்கொண்டே ஓட்டினேன். கேட்கவும் செய்தேன்.

"இதுக்காகத்தானே அவரு செத்தாரு" என்றார் பின்னாலிருந்து. "இவ போற பாதையில அவரு முன்னமே போயிட்டு வந்திருக்காரு. தனியாப் போகலைன்னு இருக்கு." அதற்குப் பிறகுதான் அழுதார். வண்டியை ஓரமாக நிறுத்தினேன்.

எனக்கு எல்லாம் விளங்கிவிட்டது என்று சொல்ல மாட்டேன். இப்போதும் காலையில் வைத்தியநாதரைத்தான் கும்பிடுகிறேன். டீக்கடைப் பேச்சும் நிற்கவில்லை. போன வாரம் கேட்டேன்: "செத்து எந்திரிச்ச பொறவும் அவரு கையில ஆணித்தழும்பு இருந்துச்சுங்கீக. சாவையே ஜெயிச்சவருக்குத் தழும்பை அழிக்கத் தெரியாதா?"

நண்பர் டம்ளரைக் கீழே வைத்தார். "அழிக்க மனசு வரலையோ என்னவோ" என்றார்.