ரோட்டுக் கல்லுக்குப் பூசிய மஞ்சள்

அம்மாக்கண்ணுவுக்கு வயிற்றெரிச்சல் வந்தது பஸ்ஸோடுதான். அதற்கு முன்னால் ஓரகத்தி மங்கம்மாளைப் பார்த்துப் பொறாமைப்பட என்ன இருந்தது? அண்ணன் தம்பி பாகம் பிரித்தபோது சாமை விளைகிற செம்மண்ணும் புளியமரமும் மூத்தவன் பெண்டாட்டி அம்மாக்கண்ணுவுக்கு வந்தன. இளையவன் பெண்டாட்டி மங்கம்மாளுக்குப் பக்கத்துப் பாறை. ஆடுகூட அங்கே நின்று மேயாது. புருஷன் செத்த பிறகும் அம்மாக்கண்ணு யாரிடமும் கையேந்தவில்லை. புளி உலுக்குகிற நாளில் மங்கம்மாள்தான் கூலிக்கு வந்து அவள் மரத்தடியில் பொறுக்குவாள்.

எழுபத்தைந்து வாக்கில் மலைக்கு ரோடு போட ஆட்கள் வந்தார்கள். அம்மாக்கண்ணு நிலத்து முனையில் ஒரு கல்லை நட்டு, சிவப்பு மையில் நம்பர் எழுதிவிட்டுப் போனார்கள். புளியமரம் போய்விடும் என்று அவள் பயந்தாள். விடியற்காலையில் எழுந்து கல்லுக்கு மஞ்சள் அப்பி, குங்குமம் வைத்து, வேப்பிலை செருகினாள். ரோடு வேலைக்கு வந்த மலையாட்கள் அதைக் கண்டதும் கடப்பாரையைக் கீழே போட்டுவிட்டுக் கும்பிட்டார்கள்.

ஓவர்சியர் தலையைச் சொறிந்தார். "பாறைப் பக்கமா வளைச்சிக்கலாம். பயிரும் இல்ல, தகராறும் இல்ல."

ஜெயித்துவிட்டதாகத்தான் அம்மாக்கண்ணு நினைத்தாள்.

ரோடு மங்கம்மாள் பாறைமேல் வளைந்தது. வளைவில் திருப்பத்தூர் பஸ் நின்றது. பஸ் நின்ற இடத்தில் அவள் டீக்கடை போட்டாள். சாமையும் புளியும் கடுக்காயும் வாங்க வந்த கூட்டுறவு சங்கம் அங்கேயே கிடங்கு கட்டியது. கிடங்குக்கு வந்த கரண்டு அப்படியே மங்கம்மாள் வீட்டுக்குள்ளும் நுழைந்தது. அம்மாக்கண்ணு தன் மரத்துப் புளியைக் கூடையில் சுமந்துபோய் மங்கம்மாள் வாசலில் வரிசையில் நின்றாள்.

"வாக்கா, டீ குடிச்சிட்டுப் போ."

"உன் டீயில சக்கர இருந்தா பாக்கலாண்டி. கழனித்தண்ணி வித்துத்தானே கல்லு வூடு கட்டின."

அதையாவது பொறுக்கலாம். வளைவைக் கடக்குமுன் ஒவ்வொரு டிரைவரும் இறங்கி அந்தக் கல்லுக்குக் கற்பூரம் ஏற்றினான். அம்மன் அம்மாக்கண்ணு நிலத்தில். தேங்காய் மங்கம்மாள் கடையில். எதிர்க்கடை போட்டால் மங்கம்மாளைப் பார்த்துப் போட்டாள் என்பார்களே, அதற்குச் சாவது மேல்.

சில வருஷம் கழித்து ஒரு இன்ஜினியர் ஜீப்பில் வந்தார். வளைவு ஆபத்து, கல் பக்கமாக நேராக்க வேண்டும் என்றார். அம்மாக்கண்ணுவுக்குப் பல் தெரிந்தது. மரம் போனால் போகட்டும், பஸ் தன் வாசலில் நிற்கும். மங்கம்மாள் ஈ ஓட்டுவாள்.

"ஆனா சாமி இருக்கே," என்று இன்ஜினியர் தயங்கினார்.

"சாமியும் இல்ல பூதமும் இல்ல சார். உங்க ஆளுங்க நட்ட கல்லு. மஞ்ச பூசினது நானு."

மங்கம்மாள் குறுக்கே வந்தாள். "அக்கா புருஷன் போனதுலேர்ந்து இப்பிடித்தான் சார் பேசும். மனசுல வெச்சிக்காதீங்க."

"எனக்கா புத்தி கெட்டுச்சி? பாருடி."

குடத்துத் தண்ணீரை ஊற்றித் தேங்காய் நாரால் கல்லைத் தேய்த்தாள். ஏறியிருந்த மஞ்சள் பொருக்குப் பொருக்காக உதிர்ந்தது. உள்ளே சிவப்பு மை அப்படியே இருந்தது.

"படிச்சவங்கதானே, படிங்க."

அப்போது வந்து நின்ற திருப்பத்தூர் பஸ்ஸின் கண்டக்டர் காசி குனிந்து நம்பரை உரக்கப் படித்தான். பிறகு கன்னத்தில் போட்டுக்கொண்டான். "லாட்டரி நம்பர்யா. அம்மன் வாயத் தொறந்துட்டா."

பஸ்ஸில் இருந்த சனமெல்லாம் இறங்கி வந்தது. இன்ஜினியர் அளவு டேப்பைச் சுருட்டி ஜீப்பில் போட்டார். இனி இந்தக் கல்லில் கைவைத்தால் மலையிறங்க முடியாது என்று அவருக்குத் தெரியாதா?

மறுவாரமே மங்கம்மாள் கடையில் தேங்காய்க்குப் பக்கத்தில் லாட்டரிச் சீட்டுகள் கயிற்றில் தொங்கின.

"அக்கா, உனக்கு ஒண்ணு எடுத்து வெச்சிருக்கேன். சாமியக் குளிப்பாட்டினவ நீதானே."

அம்மாக்கண்ணு காறித் துப்பிவிட்டு நடந்தாள். கொஞ்ச தூரம் போய்த் திரும்பி வந்தாள்.

"அது நல்ல நம்பரா, இல்ல நல்லதெல்லாம் நீயே எடுத்துக்கினியா?"