கைலியில் இருந்த ரத்தம்

டாக்டர் கமலவேணி காலமான செய்தியை, போடியில் மருந்துக்கடை வைத்திருக்கும் நண்பர் தொலைபேசியில் சொன்னார். சொன்ன கையோடு, "நல்ல டாக்டருதான். அந்தக் கங்காணி கேசுல மட்டும் கொலைகாரனைத் தப்பவிட்டுட்டாக" என்றார். இத்தனை வருடம் கழித்தும் இந்தப் பேச்சு ஓயவில்லை. அந்த வழக்கில் குற்றம் சாட்டப்பட்டவருக்காக வாதாடிய வக்கீல் நான். டாக்டரிடம் வைத்தியம் பார்த்துக்கொண்ட போடிக்காரர்கள், நடந்தது என்ன என்பதைத் தெரிந்துகொண்டாக வேண்டும்.

எழுபதுகளின் கடைசியில் ஒரு மழைக்காலம். போடிமெட்டுக்கு மேலே ஓர் ஏலக்காய்த் தோட்டத்தில், வேலையாட்களைக் கண்காணிக்கும் கங்காணி பால்ச்சாமி கழுத்தில் வெட்டுப்பட்டு இறந்து கிடந்தார். முதல் நாள் அவரோடு வாய்த்தகராறு செய்திருந்த தொழிலாளி சுருளியைப் போலீஸ் பிடித்தது. வெட்டிய ஆயுதம் கிடைக்கவில்லை. பார்த்த சாட்சியும் இல்லை. இருந்ததெல்லாம் சுருளியின் கைலியில் பட்டிருந்த ரத்தக்கறைதான். சென்னை ஆய்வகம் அதை மனித ரத்தம் என்றது. யாருடையது என்று சொல்ல முடியவில்லை. அந்த இரண்டு சொற்களை வைத்துக்கொண்டு ஒரு மனிதரைத் தூக்குக்கு அனுப்பத் துணிந்தார்கள்.

பிரேதப் பரிசோதனை செய்தவர், அப்போது போடி அரசு மருத்துவமனையில் இருந்த கமலவேணி. கைதான சுருளியைப் பரிசோதித்தவரும் அவரே. சாட்சி சொல்ல மதுரைக்குப் புறப்படும் முன் இன்ஸ்பெக்டர் அவரிடம், "கழுத்து வெட்டைப் பத்தி மட்டும் சொல்லுங்கம்மா. கேக்காததைச் சொல்லிக் கெடுத்துராதீக" என்றாராம். பின்னாளில் இதை என்னிடம் சொன்னபோதும் டாக்டருக்கு முகம் சிவந்தது.

கோர்ட்டில் நான் டாக்டரைக் கேட்டேன். மழை நாளில் ஏலக்காட்டில் நடந்த எவருக்கும் தோன்றுகிற கேள்விதான்: இது அட்டை கடித்த ரத்தமாக இருக்குமா?

கமலவேணி கைலியை வாங்கி, சன்னல் வெளிச்சத்தில் இரு பக்கமும் திருப்பிப் பார்த்தார். "கறை உள்பக்கம்தான் அழுத்தமா இருக்கு. வெளிப்பக்கம் லேசா ஊறியிருக்கு. எல்லாம் கெண்டைக்கால் உயரத்துல, வட்ட வட்டமா. வெட்டுன கழுத்துலேருந்து தெறிச்சா வெளிப்பக்கம்தான் படும். இவரைக் கொண்டாந்தப்ப ரெண்டு கால்லயும் அட்டைக்கடி. ரத்தம் நிக்காமக் கசிஞ்சுக்கிட்டிருந்துச்சு."

அரசு வக்கீல் சீறினார். "அப்ப இவன் கொல்லலைன்னு சொல்றீங்களா?"

"அதை நான் சொல்லல. இவருதான் கொன்னாருன்னு இந்தக் கைலியை வச்சுச் சொல்ல முடியாது. அவ்வளவுதான்."

சுருளி விடுதலையானார். ஊர் டாக்டரை ஏசியது. இறந்தவரின் மனைவி வீரம்மாள் மருத்துவமனைக்கே வந்து, "எம் புருசனைக் கொன்னவனை விட்டுட்டீகளே, நீங்க நல்லாருப்பீகளா?" என்று கேட்டார். கமலவேணி அவரை உட்காரவைத்து, அட்டைக்கடியையும் கறையையும் பொறுமையாக விளக்கினார். பிறகு, "கொன்னது யாருன்னு போலீசு இன்னும் தேடவே இல்ல ஆத்தா. போய்க் கேப்போம், வா" என்று காவல் நிலையத்துக்கு அழைத்துப் போனார். என்னையும் வரச் சொன்னார்.

"கேசு முடிஞ்சுபோச்சும்மா. நீங்கதான முடிச்சு வச்சீக" என்றார் இன்ஸ்பெக்டர்.

கமலவேணி குரலை உயர்த்தவில்லை. "சுருளிதான்னு காட்ட ஒண்ணுமில்லைன்னு ஆயிருச்சு. அப்ப யாருன்னு தேடணுமில்ல? அந்தச் சோலியை நீங்க ஆரம்பிக்கவே இல்ல."

அவர்கள் ஆரம்பிக்கவே இல்லை. மாறாக, சில வாரங்களில் டாக்டருக்கு எங்கோ மாற்றல் வந்தது. காரணம் சொல்ல யாரும் இல்லை. ஒரு கொலையைத் துப்புத்துலக்கத் தெரியாதவர்களுக்கு, உண்மை சொன்னவரைத் தண்டிக்க நன்றாகத் தெரிந்திருந்தது.

எண்பதுகளில் அவர் வேலையை விட்டுவிட்டுப் போடிக்கே திரும்பினார். அதன்பின் எந்த இன்ஸ்பெக்டர் புதிதாக வந்தாலும், வீரம்மாளைக் கூட்டிக்கொண்டு போய் அதே கேள்வியைக் கேட்டார். கொன்றவன் இன்றுவரை யாரென்று தெரியாது.

டாக்டரின் துக்கத்துக்குப் போனபோது, வீட்டு வாசலில் வீரம்மாள் என் பக்கத்தில் வந்து நின்றார். "மறுபடி ஒரு புது இன்ஸ்பெக்டர் வந்திருக்காராம்யா. இனி ஆரு எங்கூட வருவா?"

"நான் வர்றேன் ஆத்தா" என்றேன்.

டாக்டரிடமிருந்து எனக்கு மிஞ்சியிருப்பது குரல் உயராத அந்தக் கோபம். திங்கட்கிழமை நானும் வீரம்மாளும் போகிறோம்.