வெள்ளிக்கிழமைக் கட்டங்கள்

தாளின் இருபத்தெட்டுக் கட்டங்களில் நான்கு வெறுமையாகக் கிடந்தன. நான்கும் வெள்ளிக்கிழமை.

கிழக்குக் கரை நெடுகக் கடலின் சூட்டையும் அலையின் உயரத்தையும் அளந்து ஓரிடத்தில் சேர்க்கும் ஏற்பாடு ஒன்று நடந்துகொண்டிருந்தது. எங்கள் சாய்ந்தமருதுக் கரைக்கு அளக்கும் மிதவை கிடைக்கவேண்டுமானால், எங்கள் படகுகள் இருபத்தெட்டு நாட்கள் விடாமல் வெப்பமானியைக் கடலில் இறக்கி அளந்து காட்டவேண்டும். தாளை நிரப்புவது, ஓய்வுபெற்ற கணித ஆசிரியனான என் வேலை. மாடிப்படியைக்கூட எண்ணி ஏறுகிற நான், ஜும்மா தொழுகை நாளான வெள்ளியில் எங்கள் படகுகள் கடலில் இறங்காததைக் கணக்கில் எடுக்கவில்லை.

“வியாழனையும் சனியையும் கூட்டி ரெண்டால பிரிச்சுப் போடட்டா மகள்?” என்று தாளைத் தந்த ஆய்வுக்குழுப் பெண்ணிடம் கேட்டேன்.

“அப்ப கடல் எதுக்கு சேர்? நீங்களே போதுமே!” என்று சிரித்தவள், இன்னும் ஒரேயொரு முறை, மறுபடி இருபத்தெட்டு நாள், தவணை தந்தாள். அதிலும் தவறினால் மிதவை வேறு ஊருக்கு.

எங்கள் படகுக்காரரிடம் கெஞ்சினேன். “வெள்ளிக்கிழம ஏலா சேர். அவசரமெண்டா நீங்க நீந்திப் போய்ப் பாருங்க,” என்றார். அன்றிரவு எனக்குத் தூக்கமில்லை.

விடிந்ததும் சைக்கிளில் பக்கத்து ஊரான காரைதீவுக்குப் போனேன். கிழிந்த வலையைப் பொத்திக்கொண்டிருந்த ஒரு மீனவர் முழுவதையும் கேட்டார்.

“வெள்ளியில நாங்க போவம் மாஸ்டர், அதே இடத்தில பாத்துத் தாறம். எங்களுக்கும் இந்தத் தாள் தந்திரிக்காங்க. அம்மன் குளிர்த்தித் திருவிழாவுக்கு நாங்க கடலுக்குப் போறல்ல. அண்டைக்கு எங்கட கட்டத்த நீங்க நிரப்புவீங்களா?”

“ஓம், ஓம்!” என்றேன். மூன்றாவது முறையும் சொன்னேன்.

முதல் வெள்ளி காலை ஆறு மணியிலிருந்து கைப்பேசியைப் பதினேழு தடவை பார்த்தேன். பதினெட்டாவது தடவை வந்திருந்தது: 29.1. கட்டத்துக்கு வெளியிலும் கொஞ்சம் எழுதிவிட்டேன்.

இருபத்தெட்டும் நிரம்பின; குளிர்த்தி நாளில் காரைதீவுத் தாளின் கட்டத்தை எங்கள் படகுகள் நிரப்பின. இரண்டு தாள்களையும் பக்கத்தில் வைத்துப் பார்த்த அந்தப் பெண், இரண்டு ஊருக்கும் நடுவே ஒரே மிதவை என்று எழுதி அனுப்பினாள், ஒப்புதலும் வந்தது.

ஒரு சனிக்கிழமை காலை ஒன்பது படகுகள் போயின. வயதைக் கேட்டார்கள்; மறைக்காமல் சொல்லி நானும் ஏறினேன். மஞ்சள் மிதவை தண்ணீரில் விழுந்து ஒருமுறை மூழ்கி எழுந்தது. சற்று நேரத்தில் அந்தப் பெண்ணின் திரையில் முதல் எண் தோன்ற, “28.7!” என்று கத்தினேன்.

எங்கள் படகுக்காரர் தன் வெப்பமானியைக் கயிற்றில் இறக்கி, இழுத்து, கண்ணைச் சுருக்கிப் பார்த்தார்.

“இருபத்தெட்டுத் தசம் ஏழு. சரியாத்தான் சொல்லுது. இத விட்டுட்டுப் போகலாம் சேர்.”