கீலில் கட்டிய முடிச்சு

என் மடிக்கணினியின் கீலில் ஒரு நைலான் நூல் கட்டியிருக்கிறது. நூலின் மறுமுனையில் தீப்பெட்டியளவு இணைப்பி ஒன்று தொங்குகிறது. ஊரார் அடாப்டர் என்று சொல்லும் அதே பொருள்தான். நூலின் நீளம் ஒரு சாண். பொதுவிடங்களில் அதைப் பார்ப்பவர்கள் முதலில் சிரிப்பார்கள். பிறகு காரணம் கேட்பார்கள். முன்பெல்லாம் காரணம் சொல்லக் கூச்சப்பட்டேன். இப்போது கேட்காதவர்களுக்கும் சொல்கிறேன்.

நான் அரசுப் பள்ளியில் பிரெஞ்சும் தமிழும் கற்பித்து ஓய்வு பெற்றவள். ஓய்வுக்குப் பின், பிரெஞ்சு ஆட்சிக் காலத்து நிலப் பத்திரங்களைத் தமிழில் பெயர்த்துத் தருகிறேன். அக்காலத்தில் பத்திரம் எழுதிப் பதிந்த அலுவலரைப் புதுச்சேரியில் நொத்தேர் என்போம். நொத்தேர்களின் கையெழுத்து சாய்ந்தும் சுருண்டும் ஓடும். ஒரே வரியோடு ஒரு முற்பகல் கழிந்த நாள்கள் உண்டு. ஆயினும் ஒரு சொல்லை இன்னதென்று நான் எழுதிவிட்டால் அதற்கு நானே பொறுப்பு. என் பெயர்ப்பில் பிழையென்று எந்த வழக்கிலும் இதுவரை தாள் திரும்பி வந்ததில்லை. இதைத் தற்பெருமை என்று எவரேனும் சொன்னால் மறுக்கமாட்டேன்.

பத்திரங்களின் ஒளிப்படங்களைப் பெரிதாக்கிப் படிக்க மடிக்கணினி வேண்டும். என் பழைய கணினி தடித்தது; இடப்பக்கம் மூன்று வாய்கள், வலப்பக்கம் இரண்டு. காட்சித்திரைக் கம்பிக்கும் பென் டிரைவ் எனப்படும் விரலிக்கும் நினைவட்டைக்கும் அச்சுப்பொறிக்கும் தனித்தனி இடம் இருந்தது. எது எங்கே நுழையும் என்பதைக் கண் பார்க்காமலே விரல் அறிந்திருந்தது. மின்கலம் உப்பி விசைப்பலகையைத் தூக்கிவிட்ட பிறகே அதற்கு விடை கொடுத்தோம்.

சென்னையிலிருக்கும் மகன் புதியதை வாங்கி அனுப்பினான். எழுதாத குறிப்பேடு ஒன்றைக் கையில் வாங்கியது போலிருந்தது. அதன் ஓரங்களைத் தடவிப் பார்த்தேன். இடப்பக்கத்தில் நெருக்கமாக இரண்டு சிறு துளைகள். வேறெங்கும் எதுவும் இல்லை. ஒன்றில் மின்னூட்டக் கம்பி குடியேறிவிடும். மிச்சம் ஒரு துளை. விரலியும் அச்சுப்பொறியும் திரையும் அந்த ஒன்றின் முன் வரிசையில் நிற்க வேண்டும். போதாக்குறைக்கு, இரண்டு துளைகளும் தோற்றத்தில் ஒன்றே. ஆனால் திரைக்குப் படம் அனுப்பும் திறன் ஒன்றுக்கு மட்டுமே உண்டு. எது என்று உடலில் எழுதியும் வைக்கவில்லை. கம்பிகளின் கதையும் அதுவே. ஒரே முகமுடைய இரண்டு கம்பிகளில் ஒன்று படத்தைக் கடத்தும். மற்றது மின்னூட்டத்தோடு நின்றுவிடும். மெலிவு ஓர் அழகு என்பதை ஏற்கிறேன். உடலை மெலிய வைத்துவிட்டு உறுப்புகளைப் பையில் தூக்கி வரச் சொல்வதுதான் எனக்கு இன்றுவரை விளங்கவில்லை.

பையில் தூக்கி வந்த உறுப்புகள் தொலைந்தன. ஒன்றன்பின் ஒன்றாக மூன்று இணைப்பிகள்.

என் கணவர் முதலியார்பேட்டையில் எங்கள் வீட்டுக்கு நடக்கும் தொலைவிலிருந்த நூற்பாலையில் மின்பணியாளராக இருந்தவர். மூன்றாவது இணைப்பியும் தொலைந்த அன்று நான் பையைக் கவிழ்த்துத் தேடுவதைப் பார்த்துக்கொண்டே வந்தார்.

“இன்னா டீச்சரம்மா, இதுவும் போச்சா?”

“சாரத்து அச்சுக்கடையில விட்டுட்டேன் போல.”

“ஒண்ணு ஆவணக் காப்பகத்துல. ஒண்ணு ஷேர் ஆட்டோல. இப்ப ஒண்ணு சாரத்துல. ஊர் பூரா வெதச்சுட்டு வர. மழை பேஞ்சா மொளைக்கும், இரு.”

அவர் மடிக்கணினியை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

“இத செஞ்சவன் ஒரு நாள் மில்லுல வேல பாத்திருக்கணும். கருவி ஒரு எடம், மிஷின் ஒரு எடம்னு வச்சா, ஷிப்டு முடியறதுக்குள்ள கருவி காணாப்பூடும். அதனால கட்டித் தொங்கவுட்ருவோம்.”

நான்காவது இணைப்பி வந்ததும் அதைத்தான் செய்தார். மூடியும் உடலும் சேரும் கீலருகே ஒரு சிறு இடைவெளி உண்டு. அதன் வழியே நைலான் நூலை நுழைத்து, மறுமுனையை இணைப்பியின் வாலில் சுற்றி, ஒரு முடிச்சுப் போட்டார். நூற்பாலையில் அறுந்த இழையை ஓடுகிற ஓட்டத்திலேயே சேர்க்கும் முடிச்சு அது. வேலைக்குச் சேர்ந்த புதிதில் நூல் பிரிவில் கற்றதாகச் சொல்வார். அவர் விரல்கள் என்ன செய்தன என்று நான் கண்ணால் பிடிப்பதற்குள் வேலை முடிந்திருந்தது. மிச்ச நூலை ஒட்ட நறுக்கிவிட்டு, “இது பிரியாது. அறுத்தாத்தான் உண்டு” என்றார்.

பிரியவில்லைதான். ஆனால் நான் வெட்கப்பட்டேன். பிரெஞ்சு ஆசிரியர்களின் கூட்டமொன்றில் கணினியை விரித்தபோது, பழைய சக ஆசிரியை ஒருவர் எல்லோரும் கேட்கும்படி, “ஏன் மேடம், கண்ணு படாம இருக்கத் தாயத்து கட்டியிருக்கீங்களா?” என்றார். அதன் பின் சில மாதங்கள், கணினியை விரிக்கும்போதெல்லாம் இணைப்பியைக் கைக்குட்டையால் மூடி வைத்தேன்.

கைக்குட்டையை விலக்கிய நாள், நீதிமன்ற வளாகத்துச் சமரச மையத்தில் வந்தது.

பாகூர்ப் பக்கத்துச் சிற்றூரைச் சேர்ந்த அண்ணன் தம்பி இருவர். இருவரும் எழுபதைக் கடந்தவர்கள். அடுத்தடுத்த நிலங்களில் பயிரிடுபவர்கள். கிணறு தம்பியின் பங்குக்குள் இருக்கிறது. கிணற்றுக்குப் போகும் வழியைத் தம்பி முள்கம்பி போட்டு அடைத்துவிட்டார். நீரில்லாமல் அண்ணனின் கோடைப் பயிர் காயத் தொடங்கியிருந்தது. இருவரும் நேருக்கு நேர் பேசி ஆண்டுகள் ஆகியிருந்தன. அண்ணன் என்னிடம் அவர்களுடைய பாட்டனார் காலத்துப் பாகப்பிரிவினைப் பத்திரத்தைக் கொண்டுவந்தார். கிணறும் வழியும் இரு பங்குக்கும் பொது என்று அதில் தெளிவாக இருந்தது. கடைசித் தாளில் நொத்தேர் ஒரு வரைபடமும் இணைத்திருந்தார். கிணறு ஒரு வட்டம். அதற்குப் போகும் வழி ஒரு புள்ளிக்கோடு.

சமரச அறையில் நீண்ட மேசையின் ஒரு புறம் அண்ணனும் நானும் அமர்ந்தோம். எதிர்ப்புறம் தம்பியும் அவர் மகளும். அந்தப் பெண் புதுச்சேரி நகரை ஒட்டிய மேட்டுப்பாளையத்துத் தொழிற்சாலை ஒன்றின் அலுவலகத்தில் வேலை பார்ப்பவர். மேசையின் தலைப்பக்கம் சமரசராக ஒரு பெண் வழக்கறிஞர். அவர் தொடக்கத்திலேயே சொல்லிவிட்டார்: “இது கடைசி அமர்வு. பன்னெண்டரைக்கு அடுத்த பார்ட்டி வந்துடுவாங்க. அதுக்குள்ள ஒரு முடிவுக்கு வரலேன்னா ஃபைல கோர்ட்டுக்கே திருப்பி அனுப்பிடுவேன்.” வழக்கு நீதிமன்றத்துக்குத் திரும்பினால் தீர்ப்பு வருவதற்குள் பயிர் காய்ந்துவிடும் என்பது அங்கே எல்லோருக்கும் தெரியும்.

என் பெயர்ப்பைச் சமரசர் படித்தார். தம்பி என்னைப் பார்க்காமல் சமரசரிடம் சொன்னார்:

“அவரு கூட்டியாந்த அம்மா. அவரு சொன்னத எழுதியிருக்காங்க.”

நாற்பதாண்டு வகுப்பறைப் பழக்கத்தில் நான் உணர்ச்சியை முகத்தில் காட்டுவதில்லை. ஆனால் உள்ளே சுருக்கென்றது. சுவரிலிருந்த தொலைக்காட்சித் திரையின் கம்பியை எடுத்து என் இணைப்பியில் செருகினேன். வரைபடம் பெரிதாக விரிந்தது. வட்டமும் புள்ளிகளும் எல்லோருக்கும் தெரிந்தன.

“கம்ப்யூட்டர்ல இன்னா வேணா வரையலாம். புள்ளி வைக்க எவ்ளோ நேரம் ஆவும்?” என்றார் தம்பி. “என் பொண்ணு நேத்து காப்பகத்துலேர்ந்து தனியா வாங்கியாந்திருக்கு. அதக் காட்டுங்க. அதுல இருந்தா ஒத்துக்கறேன்.”

“அதுலயும் இருக்குப்பா. நேத்தே சொன்னேன்ல” என்றார் மகள்.

“பெரியப்பா சொன்னா உனக்கு எல்லாம் இருக்கும். இந்தச் சின்னப் பொட்டியில என் கண்ணுக்கு ஒண்ணும் தெரியல. பெருசு பண்ணா பாதி படம் வெளிய ஓடிப்போவுது. அதோ, செவுத்துல காட்டு.”

மகளின் மடிக்கணினி என்னுடையதைவிட மெலிது. அவர் ஓரங்களைத் தடவினார். பிறகு பையைத் துழாவினார். அந்தத் துழாவல் எனக்கு நன்றாகத் தெரியும்.

“அப்பா... அடாப்டர் ஆபீஸ் டிராயர்ல இருக்குப்பா.”

“மேட்டுப்பாளையத்துலயா?” என்று சமரசர் கடிகாரத்தைப் பார்த்தார். பன்னிரண்டு தாண்டியிருந்தது. “விரலியில் மாற்றித் தாருங்கள், என் கணினியில் காட்டுகிறேன்” என்றேன். தம்பி ஒப்பவில்லை. தம் படம் தம் பெட்டியிலிருந்தே வர வேண்டும் என்பதில் உறுதியாக இருந்தார். அவர் இடத்தில் நானிருந்தாலும் அதையேதான் கேட்டிருப்பேன்.

“என் இணைப்பியை வாங்கிக்கொள்ளுங்கள்” என்று அதை என் கணினியிலிருந்து உருவி, கைக்குட்டையை விலக்கி நீட்டினேன். அப்பெண் இழுத்தார். கூடவே என் கணினியும் நகர்ந்தது.

“என்ன மேடம் இது, கட்டியிருக்கு!” என்று சிரித்துவிட்டார். சமரசரும் சிரித்தார். மேசை இழுப்பறையிலிருந்து கத்தரிக்கோலை எடுத்து என் பக்கம் தள்ளி, “ஒரு வெட்டு வெட்டிடுங்க” என்றார்.

கத்தரிக்கோலைக் கையில் எடுத்தேன். நூலுக்கு நேராகப் பிடித்தும்விட்டேன். வெட்டியிருந்தால் ஒரு நொடியில் வேலை முடிந்திருக்கும். முடிச்சைப் பார்த்தேன். மாதக்கணக்காக நான் கைக்குட்டைக்குள் ஒளித்து வைத்த முடிச்சு ஓர் இழைகூட நெகிழாமல் இருந்தது. அந்த அறையில் தொலையாமல் வந்து சேர்ந்திருந்த இணைப்பி அது ஒன்றுதான்.

“வெட்ட மாட்டேன்” என்றேன். “இது என் வீட்டுக்காரர் போட்ட முடிச்சு. நானே கணினியோடு அந்தப் பக்கம் வருகிறேன்.”

மேசையைச் சுற்றிக்கொண்டு எதிர்ப்புறம் போனேன். அங்கே இரண்டு கணினிகளை வைக்க இடமில்லை, கோப்புகள் அடைத்திருந்தன. சுவரிலிருந்து வந்த கம்பியும் குட்டை. இணைப்பியை அப்பெண்ணின் கணினியில் செருகினால், என்னுடையதை ஒரு சாண் தொலைவுக்குள் யாராவது கையில் ஏந்தி நிற்க வேண்டும். என் மணிக்கட்டுக்கு அது முடியாது. சமரசர் சுற்றிலும் பார்த்துவிட்டு அண்ணனை நோக்கி, “பெரியவரே, நீங்க கொஞ்சம் வந்து புடிச்சுக்கறீங்களா?” என்றார்.

அண்ணன் தயங்கினார். பிறகு எழுந்து வந்தார். கோயிலில் தட்டை ஏந்துவது போல என் கணினியை இரு கைகளிலும் ஏந்தி, தம்பியின் தோளருகே நின்றார். நூல் விறைத்தது. இணைப்பியைச் செருகியதும் எதுவும் வரவில்லை. “மற்ற துளையில் செருகுங்கள்” என்றேன். அந்தப் பாடம் எனக்கு முன்பே கிடைத்திருந்தது. மகள் மாற்றிச் செருகினார். திரை ஒருமுறை கறுத்து, பின் வெளுத்தது.

அதே பழுப்புத் தாள். அதே வட்டம். வட்டத்துக்குப் போகும் அதே புள்ளிகள்.

தம்பி கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மறுபடி மாட்டினார். உதடுகள் அசைந்தன, புள்ளிகளை எண்ணுகிறார் என்று நினைக்கிறேன். அண்ணன் பாரம் தாங்காமல் பிடியை மாற்றினார். கணினியின் மூடி மெல்ல ஆடியது. தம்பி திரையிலிருந்து கண்ணை எடுக்காமல் பக்கத்து நாற்காலியைக் காலால் தள்ளினார்.

“நின்னுக்கினே இருக்கியே, உக்காரு. கீழ போட்டுட்டா டீச்சருக்கு நீதான் வாங்கித் தரணும்.”

அண்ணன் உட்கார்ந்தார். கணினி அவர் மடியில் இருந்தது. நூல் இருவர் முழங்காலுக்கும் நடுவே இருந்தது.

“தாத்தா ரெண்டு பங்குக்கும்தான் வுட்ருக்காரு வழிய” என்றார் தம்பி.

“நான் இன்னா சொல்லிக்கினு இருந்தேன்?”

“நீ சொன்னே. நான் பாக்கல. இப்பப் பாத்தேன். கம்பிய எடுத்துடறேன். ஆனா வரப்புல இருக்கற மாமரம் என்னுது. அத தொட்டா மறுபடி இங்கதான் வருவேன்.”

“உன் மாமரம் யாருக்கு வேணும்? பூரா புளிப்பு.”

மகள் வாயைப் பொத்திக்கொண்டார். சமரசர் அதற்குள் எழுதத் தொடங்கிவிட்டார். பன்னிரண்டரைக்கு அடுத்த கட்சிக்காரர்கள் கதவருகே வந்து நின்றபோது இருவரும் கையொப்பமிட்டுக்கொண்டிருந்தார்கள். ஆவணத்தோடு என் பெயர்ப்பையும் இணைத்தார்கள். புறப்படும்போது தம்பி என்னிடம் வந்து, “அம்மா, காலையில ஒரு வார்த்த சொல்லிட்டேன். மனசுல வச்சிக்காதீங்க” என்றார். “நீங்கள் சரிபார்த்தது நல்லது” என்றேன். மனமாரச் சொன்னேன். என் சொல்லை இன்னொருவர் தம் கண்ணால் சோதித்து, அது நின்றதைப் பார்ப்பதைவிட எனக்கு வேறென்ன வேண்டும்?

மதிய உணவுக்கு வீடு திரும்பினேன். கைக்குட்டை பையின் அடியில் கிடந்தது. கணவர் சோற்றுக்கு முன் அமர்ந்து காத்திருந்தார். நடந்ததை முழுதும் சொன்னேன். கத்தரிக்கோலைப் பற்றிச் சொன்னபோது அவர் சாப்பிடுவதை நிறுத்திவிட்டுக் கேட்டார். கை கழுவிவிட்டு வந்து, கணினியை எடுத்து முடிச்சை நகத்தால் நெருடிப் பார்த்தார்.

“அசையல” என்றார். பிறகு நூலை இழுத்து அளந்தார். “கொஞ்சம் நீளமா வுட்ருக்கலாம். அந்தப் பெரியவர் அவ்ளோ நேரம் கையில ஏந்திக்கினு நின்னிருக்க வேணாம். மாத்திக் கட்டித் தரட்டா?”

“வேண்டாம்” என்றேன். “இந்த நீளமே இருக்கட்டும்.”